யூஜின் விழுங்கிய விருந்து

யூஜின் மாமா பதினாறு வயதில் நூல் மில்லில் சேர்ந்தவர். ஆள் ஒல்லி, சாப்பாடு மட்டும் இரண்டு ஆளுக்கு. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று ஸ்டெல்லாமேரி அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் பப்பா அலெக்சாண்டர் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். பாரீஸ் மாப்பிள்ளைதான் வேண்டும் என்பவர். கடைசியில், "ஒரு நாள் சாப்புட வரச்சொல்லு, பாத்துட்டு சொல்றேன்" என்று இறங்கிவந்தார். 1978இல், மாமாவின் வார லீவன்று விருந்து வைத்தோம்.

எங்கள் வீட்டு மேசையில் சூப்புக்கே அரை மணி ஆகும். பப்பா முதல் கரண்டியை ஊதி முடிப்பதற்குள் மாமாவின் கிண்ணம் காலி. ரொட்டி, கோழி, சோறு எல்லாம் மெல்லாமலே உள்ளே போயின. பப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வொராஸ்!"

எங்கள் நாயைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்காவின் முகம் செத்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? பள்ளிக்கூடம் என்னை ஆறாவதோடு கைகழுவியிருந்தாலும் பிரெஞ்சை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பப்பாவின் தடி அகராதியைத் தூக்கிவந்து சத்தமாக வாசித்தேன்.

"அடங்காத பசி உள்ளதுன்னு அர்த்தமாம். விழுங்குறதுக்கு லத்தீன்ல ஒரு வார்த்தை இருக்காம், அதுலேருந்து வந்துதாம். ஓநாய், சுறாவுக்கெல்லாம் சொல்வாங்களாம். ஓநாய் படம்கூட போட்டிருக்கு. மூக்கு இவரு மாதிரியே கீது."

"வாய மூடுடி!" என்றாள் அக்கா.

மாமா கூச்சத்தோடு சிரித்தார். "சரியாத்தான் போட்டிருக்கான், பாப்பா."

அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதியது. மாமா கையில் கோழிக்காலோடு துள்ளி எழுந்தார். நாற்காலி விழுந்தது. வாசல்வரை ஓடியவர் அப்படியே நின்றார்.

"இன்னிக்கி லீவாச்சே..." தலைகுனிந்தபடி திரும்பி வந்தார். "மன்னிச்சிக்குங்க. சாப்பாட்டுக்கு உடுறதே அரை மணி. கை கழுவ ஒரு கியூ, தூக்குச்சட்டி எடுக்க ஒரு கியூ. மறு சங்குக்குள்ள மிஷின்கிட்ட நிக்கலன்னா அரை நாள் கூலி போச்சு. பத்து வருஷமா மென்னதே இல்ல."

எனக்குச் சிரிப்பு கிளம்பியது. பாதியில் எங்கோ போய்விட்டது.

"பப்பா, போன ஜூலை பதினாலு பிரெஞ்சு விழாவுல எக்காளம் ஊதுனப்ப, வாயில வடையோட சல்யூட் அடிச்சது யாரு?"

அடி விழும் என்று குனிந்தேன். பப்பா எழுந்து, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார்.

"உக்காருங்க மாப்ள. மெதுவா சாப்புடுங்க."

அக்கா கண்ணைத் துடைக்க அடுப்படிக்கு ஓடினாள். நான் என் பங்குக் கோழித்துண்டை யாருக்கும் தெரியாமல் மாமா தட்டில் வைத்தேன்.

அதையும் மெல்லவில்லை, ஓநாய்.