தானாகக் கிளம்பாத மோட்டார்கள்

எண்பதுகளின் நடுவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஜெராம் வழியாகத் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டு அக்காவும் அதே பஸ்தான், அதே மேசை வரிசைதான்.

வீடியோ ரிக்கார்டருக்கான மோட்டார் செய்யும் இடம் அது. சாதாரண மோட்டாரில் கரித்துண்டு உரசி உரசி மின்சாரம் கொடுக்கும், நாளடைவில் தேயும். எங்கள் மோட்டாரில் அந்த உரசல் கிடையாது. கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்க, காந்தம் சுற்றும். காந்தம் எங்கே இருக்கிறது என்று மூன்று சென்சார்கள் சொல்லும். அதைக் கேட்டு சர்க்யூட் அடுத்தடுத்த சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிக்கொண்டே போகும். காந்தம் அதன் பின்னாலேயே ஓடும்.

சென்சார்களைப் பற்றவைப்பது அக்கா. சோதிப்பது நான். காந்தத்தை ஆறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சென்சார் வேலை செய்யாவிட்டால், சில இடங்களில் மோட்டார் துடித்துவிட்டு நின்றுவிடும். விரலால் சுண்டினால் ஓடும்.

ஒரு மழைக்காலத்தில் அக்காவின் மோட்டார்கள் இப்படி அடம்பிடிக்கத் தொடங்கின. நான் திருப்பி அனுப்பினால் அவர் வேலை போய்விடும். அவர் சம்பளத்தில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். அதனால் சுண்டிவிட்டு, பாஸ் என்று பச்சைச் சீட்டு ஒட்டினேன். அவரிடம் மூச்சு விடவில்லை. பெரிய தர்மப்பிரபு என்று எனக்கு நினைப்பு.

மூன்று மாதம் கழித்து, வாங்கிய இடத்திலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதிலிருந்து ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"இது தானா ஓடுச்சா?"

"ஓடுச்சு சார்."

சுவிட்சை அழுத்தினார். மோட்டார் துடித்து நின்றது. நான் யோசிக்கும் முன்பே என் விரல் போய் அதைச் சுண்டிவிட்டது. சனியன் பிடித்த விரல். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைத் திட்டி வேறு மேசைக்கு மாற்றினார்கள். அக்காவை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

மாலை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

"ஒங்க வேலய காப்பாத்தத்தான் மறைச்சேன்க்கா."

அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"கண்ணு மங்குற மாதிரிதான் இருந்துச்சு. எல்லாம் பாஸாவுதேன்னு விட்டுட்டேன். மொத மோட்டார் நின்னப்பவே நீ சொல்லியிருந்தா, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருப்பேன்லா."