ஆணியில் தொங்கிய ஒரு மில்லிமீட்டர்

எஞ்சின் பிரித்துக் கட்டுகிற எங்கள் தொழிலில் எவனும் "தெரியாது" என்று சொல்லமாட்டான், "பார்த்துக்கலாம்" என்பான். நகக்கண்ணில் கிரீஸ் போகாத சகாக்களே, அந்த ஒரு வார்த்தை டெல்லி கரோல் பாகில் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

மூன்று மாதம் நின்ற வண்டி

கமலா மேடம் மயூர் விஹார்க்காரர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆன கையோடு ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் வாங்கினார். அறுபத்தோரு வயதில் ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துவிட்டார். ஆனால் வண்டி படுத்துவிட்டது. மூன்று மெக்கானிக் பார்த்தும் எழவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மட்டும் சேர்ந்து இந்தியா கேட்டிலிருந்து பைக் ஊர்வலம் போவதாக இருந்தார்கள். அதற்குள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாகத் துவாரகாவில் இருக்கும் மகன் கார்த்திக்கிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அவன் வாங்க ஆளே பார்த்து வைத்துவிட்டான். வியாழக்கிழமை என்னிடம் வந்தார். வழக்கம்போல "பார்த்துக்கலாம் மேடம்" என்றேன்.

"பார்த்துக்கலாம்னு நோட் போட்ட ஃபைல் எதுவும் எங்க ஆபீஸ்ல நகர்ந்ததே இல்ல தம்பி."

குட்டையான சிலிண்டர்

பிரித்த அரை மணியில் வியாதி தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. யாரோ ஒரு புண்ணியவான் சிலிண்டரின் மேல்முகத்தைச் சீவியிருக்கிறான். சிலிண்டர் குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் புஷ்ராடு பழைய நீளத்திலேயே இருக்கிறது. கீழே சுழலும் கேம் தள்ளுவதை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் பென்சில் மாதிரிக் கம்பிதான் புஷ்ராடு. நீளம் கூடினால் வால்வு மூடாது, குறைந்தால் சரியாகத் திறக்காது. சில வண்டிகளில் இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். இதில் அதுவும் இல்லை.

அளவுக்கு வெட்டிக்கொள்கிற நீள ராடு ஒரு ஜோடிதான் கைவசம் இருந்தது. அடுத்த ஜோடி வரப் பத்து நாள் ஆகும். பக்கத்து லேத்காரர் குர்மீத் இருபது வருஷமாக என்னோடு பழகித் தமிழ் பேசுவார்.

"பாய், வெட்டிட்டா அப்புறம் ரப்பர் மாதிரி இழுக்க முடியாது. நம்பர் பக்காவா சொல்லு."

அளந்தவர், சரிபார்த்தவர்

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேடம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, 'அளந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டார். நீட்டிக் குறைக்கிற அளவு ராடை உள்ளே வைத்து மேல்மூடியான ஹெட்டை இறுக்கினேன். எஞ்சினைக் கையால் சுற்றி வால்வு மூடும் இடத்தில் நிறுத்தினேன். ராடு இரண்டு விரலில் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அந்த நீளத்தை வெர்னியரில் பார்த்துச் சொன்னேன். மூன்று தடவை அளக்கவைத்தார். மூன்றும் ஒரே நம்பர். பெருமை தாங்காமல் குர்மீத்துக்குக் கை காட்டினேன். அவர் ராடை லேத்தில் மாட்டி மெஷினையும் போட்டுவிட்டார்.

"இரு தம்பி" என்று மேடம் புதிதாக ஒரு பத்தி ஆரம்பித்தார். அளக்கும்போது உள்ளே என்னென்ன மாட்டியிருந்தது என்று பட்டியல் வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"அதோ ஆணியில தொங்குதே, அது எந்த ஃபைலோட இணைப்பு?"

குப்பை டிரம்

நானும் திரும்பிப் பார்த்தேன். அது சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரவேண்டிய கேஸ்கெட் தகடு. புதுசை ஒருதரம் இறுக்கினால் நசுங்கிவிடும் என்று, அளக்கும்போது மாட்டாமல் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். அதன் கனத்தைக் கூட்ட மறந்துபோனேன். "குர்மீத், ருக்கோ, நிறுத்து" என்று கத்திய கத்தலில் எதிர்க்கடை டீக்காரரும் கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்டார். நல்லவேளை, உளி இன்னும் ராடைத் தொடவில்லை.

பிரிக்கும்போது கழற்றி எறிந்த பழைய கேஸ்கெட் ஏற்கெனவே நசுங்கியது. அளப்பதற்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. குப்பை டிரம்மைக் கவிழ்த்தோம். மேடம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களோடு குந்தினார். டீ கப்புகளுக்கு அடியில் அவர் கையில்தான் அது அகப்பட்டது. மாட்டி மறுபடி அளந்தேன். முழுசாக ஒரு மில்லிமீட்டர் கூடுதல்.

"பழைய நம்பருக்கு வெட்டியிருந்தா மேடம் ஞாயித்துக்கிழமை மெட்ரோலதான் போயிருப்பாங்க" என்றார் குர்மீத்.

சனிக்கிழமை மாலை

கார்த்திக் வண்டி வாங்குபவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மேடமே சுவிட்சை அழுத்தினார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு இருமல். கார்த்திக் வாட்சைப் பார்த்தான். மூன்றாவதில் பிடித்தது பாருங்கள், தடதடவென்று ஒரே சீரான சத்தம், நடுவில் ஒரு டக் கூட இல்லை. குர்மீத் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"அம்மா, வாங்க வந்தவர்கிட்ட இப்ப நான் என்ன சொல்றது?" என்றான் கார்த்திக். மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"பார்த்துக்கலாம்னு சொல்லு."

இப்போதெல்லாம் என் கடையில் நோட்டில் என் கையெழுத்து இல்லாமல் எந்த அளவும் லேத்துக்குப் போவதில்லை. 'சரிபார்த்தவர்' கட்டம் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கிறது, மேடம் வண்டியை விட்டு இறங்கினால்தானே.