நீல டிரம்மின் அடித்தண்ணீர்

இதை எழுதலாமென்று நோட்டைப் பிரிப்பேன். ஒரு வரி எழுதியதும் மூடி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிடுவேன். அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாக இதே கதை. கோயிலில் அம்பாள் முன்னால் நிற்கும்போதெல்லாம் “இந்த வாரம் எழுதிடறேன் தாயே” என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டு வேலையில் மறந்தவள் போல இருந்துவிடுவேன். மறந்தது கிடையாது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினவள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வில்லியனூர் பக்கம். அப்பா மதகடிப்பட்டு போகிற ரோட்டில் ஒரு கம்பெனியில் டிரம் கழுவுகிற வேலை பார்த்தார். சாயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் வேண்டிய சரக்கு அங்கே ஆகிறது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் அவர் சைக்கிளைவிட்டு இறங்கும்போது சட்டையில் அந்துருண்டை வாசனை அடிக்கும். வேறு வாசனை உள்ள அப்பாவை நான் பார்த்ததில்லை.

தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். பெரிதாக ஒரு டிரம் இருந்தால் தேவலை என்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பாள். கம்பெனியில் பழைய டிரம்மை வெளியே விடக்கூடாது என்று கண்டிப்பு. ஆனாலும் ஒரு சித்திரை மாசம் வாட்ச்மேனிடம் கெஞ்சி, நீல டிரம் ஒன்றைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் அப்பா. நேரே வாய்க்காலுக்குக் கொண்டுபோய்ச் சாம்பலும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தார். நானும் தம்பியும் கரையில் நின்றோம். எனக்கு ஒன்பது வயசு, அவனுக்கு நாலு. எனக்குப் பிறகு நாலு வருஷம் அம்மா நடையாய் நடந்து, அம்பாளிடம் கேட்டு வாங்கின பிள்ளை அவன்.

கழுவின தண்ணீர் போன பக்கமெல்லாம் பொடிமீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

“இன்னாப்பா, மீனெல்லாம் மல்லாந்து தூங்குது?” என்றான் தம்பி.

“வெயிலுடா. கைய வைக்காத, வா வூட்டுக்கு” என்றார் அப்பா.

அம்மா டிரம்முக்குள் தலையைவிட்டு மோந்து பார்த்தாள். “எத்தினி வாட்டி கழுவுனாலும் நாறுது. இது பாத்திரம் தேய்க்கத்தான் ஆவும். வாயில வச்சீங்க, தோல உரிச்சிடுவேன்” என்று எங்கள் இரண்டு பேரையும் மிரட்டினாள்.

அந்த லீவில் நாங்கள் கோயில் விளையாட்டு விளையாடினோம். முருங்கை மரத்தடியில் ஒரு கருங்கல்தான் அம்பாள். நான் அய்யர். பக்தகோடிகள் எல்லாம் சேர்ந்து தம்பி ஒருத்தன். தீர்த்தம் இல்லாத கோயில் ஏது? நிஜக் கோயிலில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் மணக்கும். டிரம் தண்ணீரும் என் மூக்குக்கு அப்படியே மணந்தது. அம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் அது தண்ணீருக்குத்தானே, சாமி பேரைச் சொல்லி மொண்டால் தீர்த்தமாகிவிடாதா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் அம்மா பாத்திரம் தேய்த்துவிட்டுப் படுத்த பிறகு எங்கள் கோயில் நடை திறக்கும். அப்போது டிரம்மில் அடித்தண்ணீர்தான் கிடக்கும். அதில் எண்ணெய் முத்துப் போல என்னவோ உருண்டு மின்னும். வாசனையும் அங்கேதான் தூக்கல். டிரம்மைச் சாய்த்து, மின்னுவதாகப் பார்த்து மொள்ளுவேன். டானிக் மூடியால் தம்பி கையில் ஊற்றுவேன்.

“இன்னொரு வாட்டி குடு அய்யரே.”

“ஓராளுக்கு மூணுதான்டா.”

“நான் ரெண்டு ஆளு” என்பான். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு, ஈரக்கையை உச்சந்தலையில் தடவிக்கொள்வான்.

அய்யர் கொடுப்பவர், குடிப்பவர் இல்லை. அதனால் நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவன் சோற்றைக் கண்டாலே ஓடினான். அப்புறம் வாந்தி. கண் மஞ்சளாச்சு. மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். வயிறு உப்பி, பேச்சு குழறிய பிறகுதான் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா உள்ளே கட்டில் ஓரமாக இருந்தாள். வெளியே டாக்டர் அப்பாவிடம் கேட்டார்: “ஈரல் ரொம்பக் கெட்டிருக்கு. பூச்சிமருந்து, எண்ணெய், அந்த மாதிரி எதையாவது குடிச்சானா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மாதிரி பாக்க முடியும்.”

அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். நெரித்துப் போட்டாற்போல வலித்தது. “அப்படி ஒண்ணும் இல்ல சார்” என்றார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார், பேசாதே என்றுதான் கையைப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன். நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்றைக்கே அப்பா அந்த டிரம்மைக் கடப்பாரையால் குத்திக் கிழித்தார். பக்கத்து வீட்டு அத்தை, “நல்ல டிரம்முபா, எனக்காவது குடேன்” என்று கேட்டபோது, அப்பா அழுததை முதன்முதலாகப் பார்த்தேன்.

வருஷங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகி, என் பெண் பன்னிரண்டாவது படிக்கும்போது ஒருநாள் வேதியியல் பாடத்தை உரக்கப் படித்தாள். பென்சீனோடு குளோரின் சேர்ந்த சரக்குகளாம். சாயம், பூச்சிமருந்து, அந்துருண்டை எல்லாவற்றுக்கும் அவை வேண்டுமாம். தண்ணீரில் லேசில் கரையாதாம், தண்ணீரைவிடக் கனமாம், அடியில் போய்த் தங்குமாம். மண்ணில் போனாலும் சீக்கிரம் மக்காதாம். “ஈரலைக் கெடுக்கும்னு மிஸ் சொன்னாங்கம்மா” என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா படுக்கையில் விழுந்த கடைசி மாசத்தில் ஒருநாள், நான் கஞ்சி ஊட்டும்போது சொன்னார்: “அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப டிரம்முன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்மா. திருட்டுத்தனமா எடுத்தாந்தது, வேல பூடும்னு பயந்துட்டேன். ஒங்காத்தா வேணாம்னு சொல்லியும் புள்ள எப்பவோ மொண்டு குடிச்சிருக்கான். நாந்தான் கொன்னுட்டேன்.”

அப்போதுதான் புரிந்தது. தீர்த்தம் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் என் வாயை அடைக்கக் கையைப் பிடிக்கவில்லை. அவரால் நிற்க முடியவில்லை, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் இருந்தது ஒன்பது வயசுக் கை ஒன்றுதான்.

“நான்தாம்பா குடுத்தேன்” என்று அந்த நேரமாவது சொல்லியிருக்கலாம். பாதிச் சுமையாவது இறங்கியிருக்கும். “கஞ்சி ஆறுது, குடிப்பா” என்றேன். எட்டாம் நாள் அவர் முழுச் சுமையோடும் போனார்.

படிக்கிறவர்களே, கம்பெனி டிரம்மில் தண்ணீர் பிடிக்கிற வீடு இன்னும் எத்தனையோ இருக்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். அப்பா ஒரு தடவை உண்மையைச் சொல்லாமல் இருந்தார், நான் இரண்டு தடவை சொல்லாமல் இருந்தேன் என்று உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.