கிளினிக் துண்டில் விட்டுப்போன தொழில்

1. கருப்பட்டி

ஹாலிஎல பக்கத்துக் கல்குவாரியில் சேர்ந்த முதல் நாள், முகமூடி கேட்ட எனக்கு சுப்பவைசர் ஒரு துண்டு கருப்பட்டியைக் கொடுத்தார். "வாயில அடக்கிக்க. தூசி எல்லாம் வயித்துக்கு இறங்கிடும்" என்றார். அதை நம்பி இருபத்திரண்டு வருஷம் பாறையில் துளை அடித்தேன். இன்றைக்கு யாராவது பிளேன்டீயோடு கருப்பட்டி நீட்டினால் எரிச்சல்தான் வருகிறது.

துளை மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டால் பாறை மாவு சேறாக வழிந்துவிடும், தூசி கிளம்பாது. ஆனால் குளிரில் சேற்றுக்குள் நின்றால் கால் மரத்துப்போகும், துளையும் மெதுவாக ஓடும். வெடி வைக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் குழாயை நாங்களே மூடினோம். மூடாதே என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

என்னோடு மெஷின் பிடித்தவன் மருதமுத்து. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா. சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்துப் போய் வருவோம். "ரெண்டு கெழவனுங்க வர்றாங்க" என்று அவன் பெண்சாதி ராக்கு கேலி பண்ணுவாள்.

2. நான் சொன்ன பதில்

மருதமுத்துவுக்கு இருமல் பிடித்து மாசக்கணக்கில் நிற்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேசினாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. கிளினிக்கில் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். பேர், வயசு, விலாசம். தொழில் என்ன என்றார்கள். "தோட்டந்தாங்க" என்றேன்.

ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பள்ளிக்கூடம், ஓட்டு லிஸ்ட், எங்கே கேட்டாலும் எங்கள் ஆட்கள் வாயில் முதலில் வருவது அதுதான். லயத்து விலாசத்தைப் பார்த்தபிறகு யாரும் மேற்கொண்டு கேட்பதும் இல்லை. மருதமுத்து கடைசியாகக் கொழுந்து மூட்டை தூக்கியது பதினெட்டு வயதில்.

நான் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்த கிளினிக் துண்டுச் சீட்டோடு ஒன்றரை வருஷம் அலைந்தோம். சளியைப் பரிசோதித்துக் காசம் இல்லை என்றார்கள். பீடி உண்டா, அடுப்புப் புகையா என்று விசாரித்து மருந்து கொடுத்தார்கள்.

பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டாக்டரம்மா, அவன் முன்கையில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்து இதென்ன என்று கேட்டார். கல் தெறித்தது என்றான். குவாரிக் கதை அப்போதுதான் வெளியே வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் இதை முதலே சொல்லேல்லை?" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கல் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிக் கெட்டிப்படுத்தியிருந்தது. புற்றுநோயும் பரவியிருந்தது. பாறை மாவு அதற்கும் வழி விடும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். முன்னமே தெரிந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன மச்சான், வேணும்னா சொன்ன? என்னையக் கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நாலு மாசத்தில் போய்ச் சேர்ந்தான்.

3. மறுபடியும் அதே வரிசை

போன வாரம் இருமலோடு நானும் அங்கே போய் நின்றேன். விலாசத்தைச் சொன்னதும் எழுதுகிற பிள்ளை, கேட்காமலே தொழிலை எழுதப் போனாள்.

"கொஞ்சம் பொறும்மா. கல்குவாரி. துளை மெஷின். இருபத்திரண்டு வருஷம். தண்ணி விடாம அடிச்சோம், அதையும் எழுதிக்க" என்றேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள்.

குவாரியிலும் சுரங்கத்திலும் இப்போது வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குழாயை மூடாதீர்கள். கருப்பட்டியை நம்பாதீர்கள். தொழிலைக் கேட்டால், எந்தத் தூசியில் எத்தனை வருஷம் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

என் ஸ்கேன் முடிவு வியாழக்கிழமை வருகிறது. ராக்குவும் கூட வருகிறாளாம். நான் ஏதாவது சொல்லாமல் விட்டால், தான் சொல்வதற்கு.