எழுதாத பக்கத்தில் என் கையெழுத்து

நாலு வருடம் ஆகியிருக்கும். ஒரு சுதந்திர தினத்தன்று, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஆரம்பித்தது இது. பிள்ளைகளே, இதில் வீரதீரம் ஒன்றும் கிடையாது. உங்கள் அப்பா வயதுள்ள ஒருவன் செய்த ஒரு தவறும், அதைச் சரிசெய்ய அலைந்து அவன் களைத்துப்போனதும்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கிராம சபைக் கூட்டம். ஊராட்சி என்ன வேலை செய்தது, எதற்குச் செலவழித்தது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, சரி என்றோ சரியில்லை என்றோ சொல்வதற்கான கூட்டம். எங்கள் ஊரில் அது நடக்கும் விதம் வேறு. மரத்தடியில் ஒரு மேசை, அதன்மேல் தீர்மான நோட்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முதலில் வரிசையில் நிற்பார்கள். வராவிட்டால் வேலை கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அவர்களுக்குப் பின்னால் நாங்கள். ஒரு கையெழுத்து, ஒரு டீ, ஒரு மிக்சர் பொட்டலம், அதோடு வீட்டுக்குப் போய்விடுவோம். தீர்மானத்தை எல்லோரும் போன பிறகுதான் எழுதுவார்கள். அது தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி பழகிப்போன வழக்கம்.

என் முறை வந்தபோது நோட்டின் மேல்பாதி வெள்ளையாக இருந்தது. “மேல ஒண்ணும் எழுதலையே?” என்று கேட்டேன்.

“எழுதிக்கிருவோம்ணே. நீங்க போடுங்க. பின்னாடி வெயில்ல நிக்காக பாருங்க” என்றார் ஊராட்சிச் செயலர்.

எனக்கும் அவசரம். பஞ்சாலையில் அன்றைக்கு லீவு, பந்தல்குடிக்குப் போய்க் கறி எடுக்க வேண்டும். போட்டேன். என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும். பத்தாம் வகுப்பில் பழகியது. கடைசி எழுத்தில் ஒரு வாலை இழுத்து, வளைத்துக் கொண்டுவந்து முதல் எழுத்தின் கீழே விடுவேன். எங்கள் ஊரில் அப்படி வேறு யாரும் போடுவதில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா, “பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறியாம்மா?” என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள்.

“குடிச்சா போகணும்ல. அங்கதான் தண்ணியே வராதே.”

காலையில் எட்டு மணிக்கு வீட்டில் குடிப்பதோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மறுபடி குடிப்பாளாம். அவள் மட்டும் இல்லை, அவள் வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தானாம். எங்கள் ஊர் வெயில் எப்படி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கழிப்பறைச் சுவரில் புதுப் பெயிண்ட். மேலே கறுப்புத் தொட்டி. தொட்டிக்கு வரும் குழாயும் இல்லை, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயும் இல்லை. மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நாலு செங்கல். மேலே ஏறித் தொட்டியைக் கையால் தட்டினேன், டொம் என்றது.

நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கோபத்தில் சத்தம் போட்டேன். செயலர் சத்தமே போடவில்லை. நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளி, ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பள்ளிக் கழிப்பறைக்குத் தொட்டி, குழாய், மோட்டார் அமைத்த வேலை திருப்திகரமாக முடிந்தது என்றும், அதற்கான செலவை இக்கிராம சபை ஏகமனதாக அங்கீகரிக்கிறது என்றும் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துகள். அதில் ஒன்றுக்கு வால் இருந்தது.

“இது யாருதுண்ணே?” என்றார்.

ஏதோ சான்றிதழ் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கூட்டாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஏலே, நீயே சாட்சி சொல்லிட்டு நீயே கேசு போட வந்திருக்கியே!” அவன் கையெழுத்தும் என்னுடையதற்கு இரண்டு வரி கீழே இருந்தது. அதை நான் காட்டியதும் சிரிப்பு நின்றது.

அப்புறம் திருச்சுழி ஒன்றிய அலுவலகம். ஒவ்வொரு தடவையும் ஆலையில் ஒரு நாள் லீவு, பஸ்ஸுக்குக் காத்திருப்பு. அதிகாரி கூட்டத்துக்குப் போயிருப்பார், இல்லை கூட்டத்திலிருந்து வந்திருக்க மாட்டார். மூன்றாவது தடவை, மனு வாங்கும் இடத்தில் இருந்த ஒரு அம்மா என் மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

“உங்க ஊரே சரின்னு எழுதிக் குடுத்திருக்கே, அய்யா. நீங்களும் போட்டிருக்கீகளா?”

“போட்டேன்மா. வெறும் பக்கத்துல போட்டேன்.”

“அத எங்கயும் எழுதலையே?”

வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை என்றேன்.

“அத எழுதுங்க. அத மறைச்சா இந்த மனு நிக்காது. நாளைக்கு அந்த நோட்டக் காட்டி உங்களப் பொய்யர்னுட்டுப் போயிருவாக.” ஒரு தாளும் கொடுத்தார். எழுதி முடித்து நீட்டியபோது, “இனிமே மேல இடம் காலியா இருந்தா குறுக்க ஒரு கோடு போட்டுட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க” என்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அடுத்த முறை போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார்.

‘வாசிக்காமல், எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போட்டது என் தவறு’ என்ற அந்த ஒரு வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. மற்றவர்கள் செய்த தப்பை எழுதும்போது பேனா ஓடியது.

காந்தி ஜெயந்திக்கு அடுத்த கூட்டம். அதே மரம், அதே மேசை. நான் முதல் ஆளாகப் போய் நின்று, “தொட்டி வேலை முடியலன்னு எழுதி வாசிங்க, அப்புறம் போடுறேன்” என்றேன். வரிசை நின்றுபோனது.

“எண்ணே, உலை கொதிக்குது அங்க. நகருங்க.”

“அடுத்த எலெக்சன்ல நிக்கப் போறாரு போல. இப்பவே ஒத்திகை!”

“இந்தா, உம் புருசன இழுத்துக்கிட்டுப் போத்தா” என்று ஒருத்தி, வரிசையில் நின்ற என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். என் மனைவி என் பக்கம் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. என் மகளை ஆஸ்பத்திரியில் காட்டியதைச் சொன்னேன். அவள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சொன்னேன். நானே வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு உலை கொதிக்கிறது என்று சொன்ன அதே பெண் கேட்டார்: “எம் மகளும் பள்ளிக்கூடம் விட்டதும் பையத் தூக்கிப் போட்டுட்டுக் கொல்லைக்குத்தான் ஓடுறா. நான் வெளாட்டுன்னுல்ல நெனச்சேன். இதுக்குத்தானா?”

அவர் வரிசையை விட்டு விலகி மரத்தடியில் உட்கார்ந்தார். இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அப்புறம் என் மனைவியும். கையெழுத்து குறைந்தால் கூட்டம் செல்லாது. செயலர் கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார், பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதி, வாசித்து, எல்லோரும் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது. டீ ஆறிப்போயிருந்தது.

உடனே தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வுக்கு வந்தார்கள், போனார்கள். குழாய் வந்தது, மோட்டார் வரவில்லை. ஒருவழியாக மோட்டார் ஓடியபோது என் மகள் எட்டாம் வகுப்பு முடிக்க ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடித்தாள். அந்த மோட்டார் அதற்குப் பிறகு இரண்டு தடவை புகைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மறுபடி மனு, மறுபடி பஸ். டீக்கடையில் எனக்குப் பெயரே ‘கோடு’ என்று ஆகிவிட்டது. நான் போனால் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தில் எழுதாத பக்கத்தைத்தான் இன்றைக்கும் முதலில் நீட்டுகிறார்கள். நான் கோடு போடுகிறேன். அன்றைக்கு மரத்தடியில் முதலில் உட்கார்ந்த அந்தப் பெண்ணும் போடுகிறார். மற்றவர்கள் சில சமயம் போடுகிறார்கள், பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

போன கூட்டத்துக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது என் மகள், “நான்தான் அந்தப் பள்ளிக்கூடத்துலயே இல்லையேப்பா, இன்னும் எதுக்குப் போறீக?” என்று கேட்டாள். அசதியில், “போயிட்டு வாரேன்” என்று மட்டும்தான் சொன்னேன்.

அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். அந்தப் பழைய பக்கம் இன்னும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. என் மகள் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நாட்களில் அவளுடைய அப்பன் முழுத் திருப்தியோடு இருந்தான் என்று, வால் வைத்த கையெழுத்தோடு அது சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. அதற்கு அடுத்து வரும் பக்கங்களிலாவது உண்மை இருக்கட்டும் என்றுதான், எவ்வளவு அசதியாக இருந்தாலும், சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்புகிறேன்.