ஒளிக்காத உருத்திராட்சம்

டிராமில் எதிரே உட்காருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் வலது கையைத்தான். கோட்டுப் பைக்குள் அது எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும், உதடும் அசையும். போன மார்கழியில் ஒரு ஜெர்மன் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை மெல்ல மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். திருடி என்று நினைத்தாரோ, பைத்தியம் என்று நினைத்தாரோ. உருத்திராட்ச மாலையை வெளியே எடுத்து மடியில் போட்டு, அவர் கண்ணெதிரிலேயே நூற்றெட்டையும் உருட்டி முடித்தேன். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்துக்குள்ளும் அன்று அதே வீம்போடுதான் நுழைந்தேன்.

மாலையை வாங்கித் தந்தது அம்மா. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோர் கழுத்திலும் உருத்திராட்சம் உண்டு. பெண்கள் விரல்கணுவைத் தொட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அம்மா முப்பது வருஷம் அப்படித்தான் எண்ணினாள். நான் ஜெர்மனிக்கு விமானம் ஏற ஒரு வாரம் இருக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துத் திருநெல்வேலி போய், நெல்லையப்பர் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தாள். ரவிக்கைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தபோது பெரியப்பா பார்த்துவிட்டார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு? தீட்டு நாள்ல என்ன செய்வா?"

அவர் முன்னால் அதுவரை குரல் உயர்த்தாத அம்மா நிமிர்ந்தாள். "அவ கழுத்துலதான போடுதா அத்தான். ஒங்க கழுத்த யாரும் கேக்கலையே."

அம்மாவுக்கு வந்த தைரியம் எனக்கு வரவில்லை. கிளம்பும் நாள்வரை கதவைச் சாத்திக்கொண்டுதான் உருட்டினேன்.

இல்லத்தில் முதியவர்களைத் தொட்டுப் பராமரிக்கும்போது கழுத்திலும் கையிலும் எதுவும் இருக்கக் கூடாது. நியாயமான விதி, கழற்றி வைத்துவிடுவேன். மதிய இடைவேளையில் மட்டும் கூடத்து ஜன்னலோரம் பத்து நிமிஷம். டிராமில் உருட்டிய அன்றே மேலாளர் அம்மையார் கூப்பிட்டார். என் முணுமுணுப்பு சக ஊழியர் ஒருவருக்குச் சங்கடமாம். உடைமாற்றும் அறையில் வைத்துக்கொள்ளலாமே என்றார், சிரித்த முகத்தோடு. எனக்குச் சுரீரென்றது. ஊரில் தீட்டு என்றார்கள், இங்கே சங்கடம் என்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: கண்ணில் படாமல் செய். 'வீட்டில் இதை ஒளித்தேன், இங்கே ஒளிக்க மாட்டேன்' என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லப்போய், 'வீட்டில் ஒளிந்துகொண்டேன்' என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார் உங்களை அடிக்கிறார்கள்? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"யாரும் அடிக்கவில்லை. மணியைத்தான் ஒளித்தேன், பெண் என்பதால். மறுபடியும் ஒளிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னேன். அவர் சாத்திய கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "ஜன்னலோரமே இருங்கள்" என்றார். புகார் சொன்னவர் இன்றும் என்னைக் கண்டதும் காபியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். போகட்டும்.

அந்த ஜன்னலோரத்தில்தான் எல்ஃப்ரீடே பாட்டி என்னோடு பேச ஆரம்பித்தார். பக்கவாதத்தில் வலது கைவிரல்கள் மடங்கிப்போனவர். "விரலுக்குப் பயிற்சியா? எனக்கும் ஒன்று வேண்டும்" என்றார். பயிற்சி இல்லை, கடவுள் பெயர் என்றேன். "கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மணி மட்டும் போதும்."

அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன்.

"சாமி கும்பிடாதவுகளுக்கா?"

"ஆமாம்மா."

"கை சரியாவணும்னு உருட்டுனா அதுவும் வேண்டுதல்தான். அனுப்புதேன்."

அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் கழுத்தில், சேலைக்கு மேலே, ஒரு உருத்திராட்ச மாலை.

"பெரியப்பா பாக்கலியா?"

"பாத்தா பாக்கட்டும். நேத்து இதப் போட்டுக்கிட்டுத்தான் அவுகளுக்குக் காப்பி குடுத்தேன். ஒண்ணும் பேசாம குடிச்சாகல்லா."

பார்சல் வந்து சேர்ந்தது. எல்ஃப்ரீடே பாட்டி ஒரு நாளைக்குப் பத்து மணிதான் நகர்த்துவார், வலியோடு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெர்மனில் சத்தமாக எண்ணிக்கொண்டு: ஐன்ஸ், ஸ்வை, டிரை. பக்கத்து நாற்காலியில் நான் சிவாயநம. யாருக்கும் கேட்காமல் இருக்கட்டும் என்று நான் குரலைத் தாழ்த்துவதில்லை. போன வாரம் மூன்றாம் சுற்றை முடித்தபோது மனது தானாகவே எண்ணிக்கொண்டது. நாமம் தமிழில்தான் வந்தது. எண் மட்டும் 'டிரை' என்று வந்தது. திருத்திக்கொள்ளவில்லை. அடுத்த மணியைத் தொட்டேன்.