மாடியறையிலிருந்து பிரான்ஸுக்குப் போன அழைப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்ரா பௌர்ணமி அன்று பிற்பகலில் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் வீடு. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, டவுனில் பாத்திரக் கடை. வீட்டு மாடியில் ஓர் அறை கட்டி, ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம்.

அந்த வருடம் அங்கே இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. குளிர்காலத்தில் வந்தார். கூட வந்த தோழி, "இவர் மௌனத்தில் இருக்கிறார், யாரோடும் பேச மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தெருவுக்கு இது புதிதல்ல. மற்றவர்களெல்லாம் வெயில் ஏறியதும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் இருந்தார். காலையில் அம்மா மாடிப்படியில் டீ வைத்துவிட்டு வருவார். எதிரே பார்த்தால் அவர் கைகூப்புவார். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நான் அப்போது நிலவியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். பிரான்ஸின் மேற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். உலகமே தெரிந்து வைத்திருக்கிற பெயர் இல்லை அது. அந்தப் பிராந்தியத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கிற அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் கெட்டிப் பாறைக்குள் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்பதை அங்கே பல காலமாக ஆராய்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அடியில் இருப்பதும் எங்கள் மலையைப் போன்ற பாறைதான். அடி அண்ணாமலையில் ஒரு வீட்டு போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டு வரும், அடுத்த வீட்டில் எவ்வளவு ஆழம் போட்டாலும் புழுதிதான் வரும். அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

நேர்முகத் தேர்வை வீடியோவில் நடத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் குறித்த நாள் பௌர்ணமி என்று தெரிந்ததும் கொஞ்சம் யோசித்தேன். கூட்டம் சேர்ந்தால் எங்கள் ஊரில் செல்போன் வேலை செய்யாது. வேலூருக்குப் போய் ஒரு தோழி வீட்டில் உட்காரலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டில்தான் பிராட்பேண்ட் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

நண்பகல் லுஹர் தொழுகை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். சரியான நேரத்துக்குத் திரை திறந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஐந்தாறு பேர். வணக்கம் சொன்னேன். என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். திரையில் இருந்தவர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள். பிறகு காணாமல் போனார்கள்.

வெளியே ஓடிப் பார்த்தேன். தெருமுனையில் தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றி வந்த லாரி, குறுக்கே போன கேபிளை மாட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தது. டிரைவர் இறங்கி, அறுந்த கம்பியை ஓரமாகச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். என் போனில் இணையம் ஒரு துளியும் வரவில்லை. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். என் சிம்மில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதியும் கிடையாது. அத்தா கடையில் இருந்தார். அந்தக் கூட்டத்தைத் தாண்டி டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அன்று வராதவருக்கு மறு வாய்ப்பு இல்லை என்று மின்னஞ்சலில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். என் பார்வை போன இடத்தை அம்மாவும் கவனித்துவிட்டார்.

"வேணாம்மா. அவங்க பேசக் கூடாதுன்னு இருக்கிறவங்க. என்ன நேர்ச்சையோ, நமக்கென்ன தெரியும்?" என்றார்.

"பேச வேணாம்மா. அவங்க ஊர் போனை மட்டும் குடுத்தாங்கன்னா நானே பேசிக்கிறேன்."

"கேட்டுப் பாரு. ஆனா கட்டாயப்படுத்தாத."

மேலே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். பிரான்ஸ், பல்கலைக்கழகம், நேர்முகத் தேர்வு, இணையம் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் ஏதோ குழறினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே இருந்து போனை எடுத்து வந்தார். அதை அணைத்தே வைத்திருந்தார் போலிருக்கிறது. உயிர் வருவதற்கு நேரம் பிடித்தது. துறை அலுவலகத்தின் எண்ணைச் சொன்னேன். முதல் இரண்டு முயற்சியும் போகவில்லை. மூன்றாவது தடவை மணி அடித்தது. போனை என்னிடம் நீட்டினார்.

எடுத்தவர் பிரெஞ்சில் பேசினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் ஏதோ வேகமாகச் சொன்ன விதத்திலேயே வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்தது. போனை அந்தப் பெண்மணியிடமே திருப்பிக் கொடுத்தேன். பேசுங்கள் என்று கேட்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவர் போனைக் காதில் வைத்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இருமினார். படியில் நின்றிருந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். கரகரவென்று, ஆண்குரலா பெண்குரலா என்று சொல்ல முடியாதபடி ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஓர் இடத்தில் குரல் உயர்ந்தது. அப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சற்று நேரம் காத்திருந்தோம். பிறகு போன் என் கைக்கு வந்தது. மறுமுனையில் தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், நல்ல ஆங்கிலத்தில், "நீங்கள் முன்பே அனுப்பிய ஸ்லைடுகள் எங்களிடம் இருக்கின்றன. பக்க எண்ணைச் சொல்லிக்கொண்டே பேசுங்கள்" என்றார். மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தது. அந்தப் பெண்மணியே மறுபடி எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

பேசி முடித்துத் திரும்பியபோது அவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்லலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். அதற்குப் பிறகு எங்களிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து, வழக்கம்போலக் கைகூப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். "எத்தினி மாசமா பேசாம இருந்தாங்களோ, நம்மளால கெட்டுப்போச்சு" என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வில் எனக்கு இரண்டாம் இடம்தான். முதலாவதாக வந்தவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டதால் இடம் எனக்கு வந்தது. இலையுதிர் காலத்தில் அங்கே போய் இறங்கினேன். சாம்பல் நிறக் கட்டடங்கள், ஓயாத தூறல், பஸ் நிறுத்தத்தில் பையைத் தலைக்குப் பிடித்து நிற்கிற மாணவர்கள். சேர்ந்த நாளிலேயே துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மையார் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் படபடவென்று சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. சில மாதங்கள் கழித்து, மொழி ஓரளவு பிடிபட்ட பிறகுதான் அன்று போனில் அவர் காதில் என்ன விழுந்தது என்று விசாரித்தேன்.

முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாராம். பிறகு அந்தக் குரல், "நான் பல மாதங்களாகப் பேசவில்லை. எனக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். அந்தப் பெண் வராமல் போகவில்லை. என் பக்கத்திலேயே நிற்கிறாள்" என்று சொன்னதாம். கேட்டுக்கொண்டிருந்தவர் போனைக் கையில் பிடித்தபடியே தேர்வுக் குழு இருந்த மேல் மாடிக்கு ஓடியிருக்கிறார்.

அந்தப் பெண்மணியின் ஊரோ விலாசமோ எங்களிடம் இல்லை. பிரான்ஸில் எந்தக் கூட்டத்திலாவது அந்த வயதில், அந்த உயரத்தில் ஒருவரைப் பார்த்தால் இப்போதும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன். அத்தனை மாதங்கள் எதற்காக அவர் பேசாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. எதற்காகப் பேசினார் என்பது மட்டும்தான் தெரியும்.